பழைய டிராக்டருக்கு ஏற்ற வெப்பமூட்டி எது?

மலேசியாவில் குளிர்காலம் என்ற ஒன்று இல்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் விடியற்காலை வெப்பநிலை பெரும்பாலும் 23, 24 பாகை சென்டிகிரேடுக்குக் கீழே இறங்குவதில்லை. ஆகவே, எஞ்சினுக்கு வெப்பமூட்டி என்ற பேச்சே இங்குள்ளோருக்கு வியப்பாகத் தோன்றலாம். ஆயினும், வேலை தொடங்குமுன் ஒன்றைச் சூடாக்கிக்கொள்ளும் வழக்கம் இந்நாட்டுக்குப் புதிதன்று. போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் செம்பனை எண்ணெயைச் சேமித்து வைக்கும் பெருந்தொட்டிகளில் வெப்பக்குழாய்ச் சுருள்கள் அமைந்துள்ளன. எண்ணெயைத் தேக்கி வைக்கும்போது 32 முதல் 40 பாகை வெப்பத்திலும், கப்பலுக்கு இறைக்கும்போது 50 முதல் 55 பாகை வெப்பத்திலும் வைப்பது வழக்கம். இல்லையேல் எண்ணெய் கெட்டித்துக் குழாயில் ஓடாது. பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் வாழ்ந்த ரயில்வே குடும்பங்களின் முதியோர் மற்றொன்றையும் அறிவர். நீராவி எஞ்சின் காலையில் புறப்பட வேண்டுமானால் பல மணி நேரம் முன்பே அதன் அடுப்பில் தீ மூட்டியாக வேண்டும்.

டீசல் டிராக்டரின் நிலையும் ஒருவகையில் இதுவே. வெப்பம் போதாவிடில் அது புறப்படாது. விடியற்காலைப் பெரட்டு முடிந்து, ஆட்கள் ஏறி நின்றபின், செம்பனைக் குலைகளை இழுக்க வேண்டிய பழைய டிராக்டர் உறுமிவிட்டு அடங்கிப்போவதைத் தோட்டத்தில் வாழ்ந்தவர்கள் கண்டிருப்பர். அப்போது பலரும் சொல்வது, ‘எஞ்சின் குளிர்ந்து கிடக்கிறது’ என்பதே. அக்கூற்று எப்போது உண்மை, எப்போது பொய் என்பதை அறிந்தால்தான் வெப்பமூட்டி வேண்டுமா, வேண்டுமெனில் எவ்வகை வேண்டும் என்பதை முடிவு செய்ய இயலும். வெப்பமூட்டிகள் பலவகைப்படும். ஒவ்வொன்றும் எஞ்சினின் ஒவ்வோர் உறுப்பைச் சூடாக்குகிறது. குளிர் எந்த உறுப்பில் இருக்கிறது என்று காணாமல் ஒன்றை வாங்கிப் பொருத்துவது பணத்தை விரயமாக்கும். சில வேளைகளில் எஞ்சினையே பாழாக்கும்.

டீசல் எஞ்சின் புறப்படும் முறை

பெட்ரோல் எஞ்சினில் மின்பொறி தீயை மூட்டுகிறது. டீசல் எஞ்சினில் அவ்வாறு பொறி எதுவும் இல்லை. பிஸ்டன் மேலேறும்போது சிலிண்டருக்குள் இருக்கும் காற்று, எஞ்சினின் அமைப்பைப் பொறுத்து, 16 முதல் 22 மடங்கு வரை நெருக்கப்படுகிறது. மிதிவண்டிச் சக்கரத்துக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதைப் பலரும் தொட்டு அறிந்திருப்பர். அதே விளைவுதான் இங்கே பன்மடங்காக நிகழ்கிறது. நெருக்குண்ட காற்று கொதிக்கும் எண்ணெயைவிடப் பன்மடங்கு சூடாகிறது. அக்கணத்தில் இஞ்செக்டர் வழியாக டீசல் நுண்துளிகளாகத் தெளிக்கப்படுகிறது. காற்றின் வெப்பத்தாலேயே அது பற்றிக்கொள்கிறது.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. 16 மடங்கு நெருக்கும் எஞ்சினில் 30 பாகை வெப்பமுள்ள காற்று புகுந்தால், நெருக்கத்தின் முடிவில் அது ஏறத்தாழ 500 பாகையைக் கடந்துவிடும். 0 பாகைக் காற்று புகுந்தால் முடிவில் கிடைக்கும் வெப்பம் ஏறத்தாழ 80 பாகை குறைந்துபோகும். வெளிக்காற்றில் ஒரு பாகை குறைந்தால், உள்ளே இரண்டரைப் பாகைக்கு மேல் குறைகிறது என்பது இதன் பொருள். இதுவும் வெப்பம் எங்கும் கசியாத சீரான எஞ்சினுக்குரிய கணக்கு. உண்மையில் குளிர்ந்த சிலிண்டர்ச் சுவர் காற்றின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. தேய்ந்த பிஸ்டன் வளையங்களின் வழியே காற்று கசிகிறது. எஞ்சின் மெதுவாகச் சுழன்றால் உறிஞ்சுவதற்கும் கசிவதற்கும் நேரம் மிகுதியாகக் கிடைக்கிறது. புதிய எஞ்சினைவிடப் பழைய எஞ்சின் குளிருக்கு மிகவும் அஞ்சுவதன் காரணம் இதுவே.

குளிர் பிடிக்கும் நான்கு இடங்கள்

குளிர் எஞ்சினை நான்கு இடங்களில் தாக்குகிறது எனலாம்.

முதலாவது, உள்ளே புகும் காற்று. அதன் விளைவு மேலே கூறப்பட்டது.

இரண்டாவது, எஞ்சினின் இரும்பு உடலும் அதிலுள்ள எண்ணெயும். குளிரில் மசகெண்ணெய் தடித்துவிடும். பிஸ்டனும் தண்டும் எளிதில் சுழலா. தோட்டங்களில் நெடுங்காலம் பழக்கத்தில் இருந்த எஸ்.ஏ.இ. 40 போன்ற ஒற்றைத் தர எண்ணெய் சமவெளியில் குறையின்றி உழைக்கும். மலைக்காற்றில் அது பாகுபோல் ஆகிவிடும்.

மூன்றாவது, பாட்டரி. அதனுள் நிகழும் இரசாயன மாற்றம் குளிரில் மந்தமாகிறது. உறைநிலைக்குக் கீழே 18 பாகை வரை குளிர்ந்த பாட்டரி, தன் முழுத் திறனில் பாதியைக்கூடத் தருவதில்லை. எஞ்சினைச் சுழற்ற மிகுந்த வலிமை வேண்டிய நேரத்தில் பாட்டரியின் வலிமை குறைந்து நிற்கிறது.

நான்காவது, எரிபொருள். டீசலில் இயல்பாகவே மெழுகுப் பொருள்கள் கரைந்துள்ளன. குளிர் மிகும்போது அவை நுண்ணிய படிகங்களாகப் பிரிந்து, முதலில் டீசலைக் கலங்கச் செய்கின்றன. பிறகு வடிகட்டியை அடைத்துவிடுகின்றன. எஞ்சின் எவ்வளவு சூடாக இருந்தாலும் டீசல் வந்து சேராவிடில் பயனில்லை.

இந்நான்கில் எது தடையாக நிற்கிறது என்று கண்டறிவதே வெப்பமூட்டியைத் தேர்ந்தெடுப்பதன் முதற்படி.

பழைய டிராக்டர்களில் இருந்த ஏற்பாடுகள்

டிராக்டர் செய்தவர்கள் இச்சிக்கலைத் தொடக்கத்திலேயே அறிந்திருந்தனர். 1921 இல் ஜெர்மனியில் வெளிவந்த லான்ஸ் புல்டாக் டிராக்டரின் முகப்பில் இரும்புக் குமிழ் ஒன்று இருந்தது. ஊதுவிளக்கின் சுவாலையால் அதைப் பழுக்கக் காய்ச்சிய பிறகே எஞ்சினைச் சுழற்றுவர். இங்கிலாந்தின் ஃபீல்டு மார்ஷல் டிராக்டரில் கனன்றெரியும் காகிதச் சுருளொன்றைச் சிலிண்டர்த் தலையில் செருகி வைத்துப் புறப்பட வைத்தனர்.

பின்னர் வந்த டிராக்டர்களில் மின்சாரம் அவ்வேலையை ஏற்றது. 1956 இல் வெளிவந்த பெர்குசன் 35 டிராக்டரின் நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின் குளிரில் புறப்பட மறுப்பதற்குப் பேர்போனது. 1959 இல் அதன் இடத்தில் பெர்க்கின்ஸ் நிறுவனத்தின் மூன்று சிலிண்டர் எஞ்சின் பொருத்தப்பட்டது. அது எளிதில் புறப்படும் என்று பெயர் பெற்றது. 1960 இல் சென்னையில் நிறுவப்பட்ட டாஃபே நிறுவனம் இதே மரபில் வந்த மாஸி பெர்குசன் டிராக்டர்களைச் செய்து தமிழ்நாட்டு வயல்களுக்கும் கொண்டுவந்தது.

இவ்வகை டிராக்டர்கள் பலவற்றில் ‘தெர்மோஸ்டார்ட்’ என்னும் சிறு கருவி உண்டு. காற்று உள்ளே செல்லும் குழாயில் அது திருகப்பட்டிருக்கும். சாவியை வெப்ப நிலைக்குத் திருப்பினால் அதிலுள்ள கம்பிச்சுருள் பழுக்கிறது. அவ்வெப்பத்தால் சிறு வால்வு ஒன்று விரிந்து திறந்து, துளித்துளியாக டீசலை விடுகிறது. 15 முதல் 20 விநாடி கழித்து எஞ்சினைச் சுழற்றும்போது அந்த டீசல் குழாய்க்குள்ளேயே பற்றி, உட்புகும் காற்றைச் சூடாக்குகிறது. வேறு சில எஞ்சின்களில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு குளோ பிளக் உண்டு. அதன் முனை செந்நிறமாகக் கனன்று தீப்பற்ற உதவும்.

ஆதலின், பழைய டிராக்டர் வைத்திருப்போர் புதிய வெப்பமூட்டியைத் தேடுமுன், அதிலேயே உள்ள வெப்பமூட்டி வேலை செய்கிறதா என்று பார்ப்பதே முறை. வெப்ப நாடுகளில் ஓடும் டிராக்டர்களில் இக்கருவிக்குச் செல்லும் மின்கம்பி பல ஆண்டுகளுக்கு முன்பே அறுந்திருக்கும். அல்லது தேவையில்லை என்று யாரேனும் கழற்றியிருப்பர். அதற்கு டீசல் தரும் சிறு குழாய் வறண்டுபோயிருப்பதும் உண்டு. கம்பியை இணைத்து, குழாயில் டீசலை நிரப்பினால் செலவின்றிக் காரியம் முடிந்துவிடும்.

கிள்ளானில் வெப்பமூட்டி வேண்டுமா?

வேண்டியதில்லை என்பதே நேரான விடை. 24 பாகை வெப்பத்தில் நல்ல நிலையிலுள்ள டீசல் எஞ்சின் எந்தத் துணையுமின்றிப் புறப்பட வேண்டும். புறப்படவில்லையெனில் எஞ்சினில் வேறு நோய் இருக்கிறது. அந்நோயை வெப்பத்தால் மறைப்பது, காய்ச்சலுக்கு மருந்து கொடாமல் நெற்றியில் ஈரத்துணி போடுவதை ஒக்கும்.

நோயை அறியப் புகை நல்ல அடையாளம். எஞ்சினைச் சுழற்றும்போது புகைபோக்கியில் புகையே வரவில்லையெனில் டீசல் சிலிண்டரை அடையவில்லை. தொட்டி வற்றியிருக்கலாம், வடிகட்டி அடைத்திருக்கலாம், குழாயில் காற்றுப் புகுந்திருக்கலாம், நிறுத்தும் நெம்புகோல் இழுத்தபடியே இருக்கலாம். இவற்றில் எதையும் வெப்பம் தீர்க்காது. வெண்புகை மண்டியும் எஞ்சின் புறப்படவில்லையெனில், டீசல் வந்து சேர்ந்தும் பற்றவில்லை என்று பொருள். குளிர் நாட்டில் இது குளிரின் அடையாளம். கிள்ளானில் இது தேய்ந்த வளையங்களின், கசியும் வால்வுகளின், பழுதான இஞ்செக்டரின், அல்லது டீசல் தெளிக்கும் நேரம் பிசகியதன் அடையாளம்.

எஞ்சின் மிக மெதுவாகச் சுழன்றால் பாட்டரியையும் கம்பிகளையும் ஆராய வேண்டும். 12 வோல்ட் பாட்டரியின் அழுத்தம் எஞ்சினைச் சுழற்றும்போது ஏறத்தாழ 9.6 வோல்ட்டுக்குக் கீழே வீழ்ந்தால் பாட்டரி நலிந்துவிட்டது எனலாம். அழுத்தம் நன்றாக இருந்தும் சுழற்சி மந்தமாக இருந்தால், பாட்டரியிலிருந்து டிராக்டர் உடலுக்குச் செல்லும் தடித்த கம்பியின் முனைகளைக் கழற்றிச் சுரண்டித் துப்புரவாக்க வேண்டும். மழையும் ஈரமும் மிகுந்த இந்நாட்டில் அம்முனைகள் துருவேறிக் கெடுவது மிகவும் இயல்பு. புதிய பாட்டரி வாங்கியும் தீராத குறை, ஒரு துண்டு உப்புத்தாளால் தீர்ந்துவிடுவதுண்டு.

கேமரன் மலையும் செம்பனை டீசலும்

கோலாலம்பூரிலிருந்து வடக்கே சென்று கேமரன் மலை ஏறினால் நிலைமை மாறுகிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள அம்மலையில் இரவு வெப்பநிலை 15 பாகை அளவுக்கு இறங்குகிறது. 1978 பிப்ரவரி 1 ஆம் நாள் அங்கே 7.8 பாகை பதிவாயிற்று. 1929 இல் தொடங்கப்பட்ட போ தேயிலைத் தோட்டம் முதலான தோட்டங்களில் தமிழர் பல தலைமுறையாக உழைத்துவருகின்றனர். காய்கறித் தோட்டங்களில் பழைய லேண்ட் ரோவர் வண்டிகள் இன்னும் மலையேறி இறங்குவதைப் பயணிகள் காணலாம்.

15 பாகை என்பது எஞ்சின் உடலுக்குத் தனி வெப்பமூட்டி பொருத்த வேண்டிய குளிரன்று. ஆனால், எஞ்சினோடு வந்த குளோ பிளக்கோ தெர்மோஸ்டார்ட்டோ வேலை செய்தாக வேண்டிய குளிர். பழைய லேண்ட் ரோவர் டீசல் எஞ்சின்களில் குளோ பிளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைக்கப்பட்டிருந்தன. ஆகவே, ஒன்று பழுதானால் நான்கும் அணைந்துவிடும். மசகெண்ணெயிலும் மாற்றம் தேவை. ஒற்றைத் தர 40 ஆம் எண் எண்ணெய்க்கு மாறாக 15 டபிள்யூ-40 போன்ற பல தர எண்ணெயை ஊற்றினால் காலையில் எஞ்சின் இலகுவாகச் சுழலும். இவ்விரண்டுமே அம்மலைக்குப் போதும்.

ஆனால் அங்கே நான்காவது இடமாகிய எரிபொருளையும் கருத வேண்டும். தாவர எண்ணெயால் டீசல் எஞ்சினை ஓட்டுவது பழைய எண்ணமே. 1900 இல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு டீசல் எஞ்சின் கடலை எண்ணெயால் ஓட்டிக் காட்டப்பட்டது. மலேசியாவில் இவ்வெண்ணம் செம்பனையோடு சேர்ந்தது. 1917 இல் சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில் வணிக நோக்கில் முதன்முதலாக நடப்பட்ட செம்பனை, பின்னர் ரப்பரின் இடத்தைப் பிடித்தது. 1980 ஆம் ஆண்டுகளில் செம்பனை எண்ணெய் ஆராய்ச்சிக் கழகம் செம்பனை டீசலை ஆய்ந்து, பேருந்துகளில் சோதித்தது. அக்கழகமே 2000 இல் மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் பகுதியாயிற்று. 2011 இல் 5 விழுக்காடு செம்பனை டீசல் கலந்த எரிபொருள் புத்ராஜெயாவில் விற்பனைக்கு வந்தது. 2019 இல் போக்குவரத்துக்கான டீசலில் அப்பங்கு 10 விழுக்காடாயிற்று.

தூய செம்பனை டீசல் 15 பாகையை ஒட்டிய வெப்பநிலையிலேயே கலங்கி உறையத் தொடங்கும். கிள்ளானில் இது ஒரு குறையே அன்று. 10 விழுக்காட்டுக் கலவையில் மீதமுள்ள பகுதி சாதாரண டீசலாதலால், அது அவ்வளவு எளிதில் உறைவதுமில்லை. ஆயினும், குளிரில் நெடுநேரம் நிற்கும்போது நுண்படிகங்கள் பிரிந்து வடிகட்டியில் சேர இடமுண்டு. 2019 இல் 10 விழுக்காட்டுக் கலவை நாடெங்கும் வந்தபோது கேமரன் மலை, கெந்திங் மலை, சபாவின் குண்டாசாங் ஆகிய மேட்டு நிலங்களுக்கு விலக்கு அளித்து, அங்கே 7 விழுக்காட்டுக் கலவையே விற்கப்பட்டதன் காரணம் இதுதான். குளிர் நாடுகளுக்கென, உறைநிலைக்குக் கீழே 21 பாகை வரை ஓடும் தன்மை இழக்காத செம்பனை டீசலையும் வாரியத்தின் ஆய்வாளர்கள் உருவாக்கியுள்ளனர்.

மலையில் பழைய எஞ்சின் வைத்திருப்போர்க்கு இதிலிருந்து ஒரு நடைமுறைப் பாடம் உண்டு. கிள்ளானில் நிரப்பிய டீசலை மலைமேல் வாரக்கணக்கில் பீப்பாயில் வைத்திருந்து பயன்படுத்துதல் தகாது. அங்கே விற்கும் எரிபொருளை அங்கேயே வாங்குவது நலம். வடிகட்டியைக் காலந்தவறாமல் மாற்ற வேண்டும். செம்பனை டீசல் பழைய தொட்டியின் அடியில் படிந்த கசடைக் கரைத்துக் கிளப்பிவிடும். அன்றியும் இயற்கை ரப்பராலான பழைய குழாய்களை அது இளகச் செய்யும். குழாய் கசிந்தால் காற்றுப் புகும். காற்றுப் புகுந்தால் எஞ்சின் புறப்படாது. உரிமையாளரோ குளிரைக் குறை கூறிக்கொண்டிருப்பார்.

உறைபனி நாடுகளில்

எஞ்சின் உடலையே சூடாக்கும் வெப்பமூட்டி, தண்ணீர் உறையும் நாடுகளுக்கு உரியது. தமிழர் பலர் குடியேறி வாழும் கனடாவில், குறிப்பாக அதன் நடுப்பகுதிச் சமவெளி மாநிலங்களில், கார்களின் முகப்பில் மின்கம்பி ஒன்று தொங்குவதைக் காணலாம். இரவில் அதைச் சுவர் மின்செருகியில் மாட்டிவைப்பர். எஞ்சின் தலையின் திருகாணிக்கு மாற்றாகப் பொருத்தக்கூடிய மின்சார வெப்பமூட்டிக்கு, அமெரிக்காவின் வட டக்கோட்டாவைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஃப்ரீமன் 1949 இல் காப்புரிமை பெற்றார். இன்று கிடைக்கும் வகைகள் முக்கியமாக நான்கு.

ஒன்று, எஞ்சின் உடலிலேயே பொருந்துவது. எஞ்சினை வார்க்கும்போது ஏற்படும் துளைகளை வட்டத் தகட்டால் அடைத்திருப்பர். அத்தகடு ஒன்றைக் கழற்றி, அவ்விடத்தில் இவ்வெப்பமூட்டியைச் செருகுவர். அது எஞ்சினுள் இருக்கும் தண்ணீரை நேராகச் சூடாக்கும். வெந்நீர் தானே மேலெழுந்து பரவும். பழைய டிராக்டருக்கு மிகச் சிறந்தது இதுவே. ஆனால் துளையின் அளவு எஞ்சினுக்கு எஞ்சின் மாறுபடும். எஞ்சின் எண்ணைக் கொண்டே வாங்க வேண்டும்.

இரண்டு, ரேடியேட்டரின் கீழ்க்குழாயை வெட்டி இடையே பொருத்துவது. தகட்டைக் கழற்ற இயலாத எஞ்சின்களுக்கு இது ஏற்றது.

மூன்று, வெளியே வைக்கும் சிறு தொட்டி. இரு குழாய்களால் எஞ்சினோடு இணைத்துத் தண்ணீரைச் சுற்றிவரச் செய்வது. பெரிய எஞ்சின்களுக்கும் கடுங்குளிருக்கும் இது உரியது.

நான்கு, எண்ணெய்த் தொட்டியின் அடியில் ஒட்டும் பட்டை அல்லது காந்த வெப்பமூட்டி. மாட்டுவதும் கழற்றுவதும் எளிது. ஆனால் எண்ணெய் மட்டுமே சூடாகும். சிலிண்டர்ச் சுவர் பெரும்பாலும் குளிர்ந்தே இருக்கும். அலுமினியத் தொட்டியில் காந்தம் ஒட்டாது. காற்றால் குளிர்விக்கப்படும் டாய்ட்ஸ் போன்ற எஞ்சின்களில் தண்ணீரே இல்லாமையால், அவற்றுக்கு மட்டும் இவ்வகையே முதன்மையானது.

எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்பதையும் கணக்கிடலாம். 200 கிலோ இரும்பையும் 10 லிட்டர் தண்ணீரையும் 30 பாகை உயர்த்த, வெப்பம் கசியாவிடில், ஏறத்தாழ 1.1 யூனிட் மின்சாரம் போதும். 500 வாட் வெப்பமூட்டி அதை இரண்டேகால் மணி நேரத்தில் செய்துவிடும். கசிவையும் சேர்த்தால் மூன்று அல்லது நான்கு மணி நேரம். ஆகவே இரவெல்லாம் மாட்டிவைப்பது வீண். 10 மணி நேரத்தில் 5 யூனிட் செலவாகும். 3 மணி நேரத்தில் ஒன்றரை யூனிட்டில் வேலை முடியும். நேரங்காட்டும் மின்விசை ஒன்றைப் பொருத்தி, விடியற்காலையில் தானே தொடங்கும்படி செய்வது அறிவுடைமை. எஞ்சினைக் கெட்டியான பழைய கம்பளத்தால் இரவில் மூடிவைத்தால் வெப்பம் தங்கும். ஆனால் புறப்படுமுன் அதை எடுத்துவிட மறக்கலாகாது.

உறைபனி நாட்டில் வெப்பமூட்டி மட்டும் போதாது. ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் இருந்தால், மின்சாரம் நின்ற இரவில் அது உறைந்து விரிந்து எஞ்சினின் இரும்புச் சுவரையே பிளந்துவிடும். கிளைக்கால் கலந்த உறைதடுப்பு நீரே அங்கு வேண்டும். எரிபொருளும் குளிர்காலத்துக்கென ஆனதாய் இருக்க வேண்டும். லடாக்கின் கடுங்குளிரில் டீசல் உறைந்து வண்டிகள் நின்றுபோவதைத் தவிர்க்க, இந்தியன் ஆயில் நிறுவனம் உறைநிலைக்குக் கீழே 33 பாகை வரை ஓடும் தனி டீசலை 2019 நவம்பரில் வெளியிட்டது. எஞ்சினைச் சூடாக்குவதால் டீசல் தொட்டி சூடாவதில்லை என்பதை இது நினைவூட்டும்.

விலக்க வேண்டியவை

இம்முயற்சியில் உயிருக்கும் பொருளுக்கும் இடர் விளைவிக்கும் தவறுகள் சில உண்டு.

ஈதர் கலந்த தெளிப்பானைக் காற்றுக்குழாயில் அடித்து எஞ்சினைப் புறப்பட வைக்கும் வழக்கம் பட்டறைகளில் பரவலாக உள்ளது. தெர்மோஸ்டார்ட் அல்லது குளோ பிளக் உள்ள எஞ்சினில் இது பேராபத்து. கனலும் கம்பிமேல் ஈதர் பட்டால் குழாயே வெடித்து, குனிந்து நிற்பவரின் முகத்தில் தீப்பாயக்கூடும். அவை இல்லாத எஞ்சினிலும், உரிய நேரத்துக்கு முன்பே ஈதர் பற்றுவதால் பிஸ்டனும் வளையங்களும் உடையும்.

எண்ணெய்த் தொட்டியின் அடியில் கரி அடுப்பையோ விறகுத் தீயையோ வைப்பது மற்றொரு பழைய வழக்கம். பழைய எஞ்சினின் அடியில் எப்போதும் எண்ணெய்க் கசிவும் டீசல் ஈரமும் இருக்கும். ஒரு பொறி போதும், கொட்டகையும் டிராக்டரும் சாம்பலாக. அன்றியும், மூடிய கொட்டகையில் கரி புகைந்தாலும் எஞ்சின் ஓடினாலும் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுக்காற்று சேரும். அதற்கு நிறமோ மணமோ இல்லை. தூங்குபவர் விழிக்காமலே போகக்கூடும்.

மூன்றாவது, மின்னழுத்தம். கனடாவிலும் அமெரிக்காவிலும் வீட்டு மின்சாரம் 120 வோல்ட். மலேசியாவிலும் இந்தியாவிலும் இலங்கையிலும் 230 முதல் 240 வோல்ட். அங்கிருந்து உறவினர் அனுப்பிய 400 வாட் வெப்பமூட்டியை இங்கே மாட்டினால், அது ஏறத்தாழ நான்கு மடங்காகிய 1,600 வாட் வெப்பத்தை உமிழ முயன்று எரிந்துபோகும், தீயும் மூளலாம். வெப்பமூட்டியின் மேல் பொறித்துள்ள வோல்ட் அளவைப் படிக்காமல் மாட்டலாகாது. நிலத்தொடர்புக் கம்பியும் மின்கசிவுத் தடுப்பியும் கட்டாயம் வேண்டும். ஈரத்தரையில் நிற்கும் இரும்பு டிராக்டரில் மின்சாரம் கசிந்தால் தொட்டவர் பிழைப்பது அரிது.

நான்காவது, தண்ணீர் குறைந்த எஞ்சினில் வெப்பமூட்டியை மாட்டுதல். நீரில் மூழ்காத சுருள் சில நிமிடங்களில் கருகிவிடும்.

தேர்ந்தெடுக்கும் முறை

இவற்றையெல்லாம் தொகுத்துக் காணின் வழி தெளிவாகும். முதலில் ஊரின் குளிரை அறிய வேண்டும். கிள்ளான் போன்ற சமவெளியில் புறப்படாத எஞ்சினுக்கு வெப்பமூட்டி வாங்குவதை விட்டு, பாட்டரி, கம்பி முனை, வடிகட்டி, இஞ்செக்டர், பிஸ்டன் வளையம் என்னும் வரிசையில் ஆராய வேண்டும். செலவு குறைந்தது முதலில், மிகுந்தது கடைசியில் என்பதே அவ்வரிசையின் நியாயம். கேமரன் மலை, நுவரெலியா, உதகை போன்ற இடங்களில் எஞ்சினோடு வந்த வெப்பமூட்டியைச் செப்பனிட்டு, எண்ணெயின் தரத்தை மாற்றி, எரிபொருளைக் கவனித்தால் போதும். உதகையிலும் நுவரெலியாவிலும் சில காலைகளில் உறைபனி விழுவதால் ரேடியேட்டர் நீரில் உறைதடுப்புச் சேர்ப்பதும் நன்று. தண்ணீர் நாள்தோறும் உறையும் நாடுகளில் மட்டுமே எஞ்சின் உடலுக்கு மின்சார வெப்பமூட்டி இன்றியமையாதது. அங்கேயும் எஞ்சின் எண்ணுக்குப் பொருந்துவதை, உரிய வோல்ட் அளவில், மூன்று மணி நேர அளவில் பயன்படுத்துவதே சிக்கனம்.

பழைய டிராக்டர் ஒன்று பலருடைய அன்றாடக் கூலிக்கும் ஒரு சிறு விவசாயியின் கடனுக்கும் ஆதாரமாக நிற்பது. அது காலையில் புறப்படாவிடில் குலைகள் சாலையோரத்தில் கிடந்து தரம் குறைகின்றன. காய்கறி சந்தைக்குப் போய்ச் சேர்வதில்லை. அத்தகைய வேளையில் கடைக்கு ஓடி எதையேனும் வாங்கி மாட்டத் தோன்றுவது இயல்பே. ஆனால் எஞ்சின் தன் குறையைப் புகையாலும் ஒலியாலும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. புகை வருகிறதா, சுழற்சி வேகமாக இருக்கிறதா, டீசல் தெளிவாக இருக்கிறதா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கண்ட பின்னரே கையைப் பைக்குள் விட வேண்டும். அவ்வாறு ஆராய்ந்தவருள் பலருக்கு வெப்பமூட்டியே தேவைப்படாது. தேவைப்படுவோர்க்கு எது வேண்டும் என்பதில் ஐயமும் இராது.